கிடாவோட தாய் எத்தன லிட்டர்னு மட்டும் கேட்டா பத்தாது

முர்ரா எருமைக்கு சினை ஊசி போடப் போற எடத்துலெல்லாம் விவசாயிங்க முதல்ல கேக்குறது, "டாக்டர், இந்த கிடாவோட தாய் எத்தன லிட்டர் கறந்துச்சு?" நல்ல கேள்விதான், ஆனா அதோட நிறுத்திடாதீங்க. எருமைக்கு எருமை பால்ல தெரியுற வித்தியாசத்துல சுமாரா கால் பங்குதான் பரம்பரையால வருது, மிச்சமெல்லாம் தீவனம், பராமரிப்பு, ஈன்ன சீசன், எத்தனாவது ஈத்துங்கிறதப் பொறுத்தது. அதனால தாயோட ஒரே ஒரு ஈத்து கணக்க வச்சு கிடாவ எடை போட்டா நம்பகத்தன்மை 6 சதவீதம்தான் தேறும். அதே கிடாவுக்குப் பொறந்த 10 மகளோட கணக்கு இருந்தா 40 சதவீதம், 50 மகள் இருந்தா 77 வரைக்கும் போகும்.

மகள்களோட சராசரிய மட்டும் பாத்தாலும் ஏமாந்துடுவோம். ஒரு கிடாவோட மகள்ங்க பெரிய பண்ணையில ஒரு ஈத்துக்கு 2200 லிட்டர் கறக்குது, ஆனா அந்தப் பண்ணையில மத்த எருமைங்க 2300 கறக்குதுன்னு வச்சுக்கங்க. இன்னொரு கிடாவோட மகள்ங்க கிராமத்துல 1700 தான், கூட இருக்கிறது 1500. எந்த கிடா ஒசத்தி? ரெண்டாவதுதாங்க. ஒரே பண்ணை, ஒரே வருஷம், ஒரே சீசன்ல ஈன்ன எருமைங்களோட ஒப்பிடுறதுதான் ஞாயம். தாய்-மகள் ஒப்பீடுன்னு ஒரு பழைய முறை இருக்கு, அதுல தாய் கறந்த காலம் வேற, மகள் கறக்குற காலம் வேற, அந்த வித்தியாசமும் கிடா கணக்குல ஏறிடும்.

இதுக்கெல்லாம் தீர்வா இருக்குறது பிளப் (BLUP) முறை, அதாவது பால் கணக்க வச்சு கிடாவோட மரபுத் தரத்த, பிரீடிங் வேல்யூன்னு சொல்றத, கணிக்கிற புள்ளியியல் முறை (ஹெண்டர்சன்ங்கிற விஞ்ஞானி கொண்டு வந்தது), இது பண்ணை, வருஷம், சீசன் எல்லாத்தையும் ஒரே நேரத்துல சரிகட்டும், மகள்கள் கம்மியா இருந்தா மதிப்ப சராசரி பக்கம் இழுத்து வைக்கும், ஒவ்வொரு மாட்டையும் அதோட சொந்தக்காரங்களோட சேத்து கணக்கு போடுற அனிமல் மாடல்ல போனா அக்கா தங்கச்சி, பாட்டி கணக்கும் சேந்துக்கும். என்னைக் கேட்டா நம்ம சின்னச் சின்ன மந்தைங்களுக்கு இதுதான் பொருத்தம். மாசம் ஒரு தடவ அளக்குற பால வச்சே போடுற டெஸ்ட் டே மாடலும் கிராமத்துக்கு நல்லா ஒத்து வரும், ஒரு கறவையோட 305 நாளும் யாராலங்க அளக்க முடியும்?

காலம்தான் பெரிய தலைவலி. கிடா வளந்து விந்து குடுத்து, மகள் பொறந்து, அது மூணரை நாலு வயசுல ஈனி, ஒரு கறவை முடியறதுக்குள்ள கிடாவுக்கு 8, 9 வயசாயிடும். அதனாலதான் 2024ல வந்த மஹிஷ் சிப் (எருமையோட டிஎன்ஏவ சோதிக்கிற சிப்) மாதிரி, டிஎன்ஏவ வச்சு சின்ன வயசுலயே தரத்த கணிக்கிற ஜீனோமிக் முறை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு, ஆனா அதுக்கும் அடியில ஒழுங்கான பால் கணக்கு வேணும்.

அடுத்த தடவ ஊசி போடும்போது கிடா நம்பர், பிரீடிங் வேல்யூ, எத்தன மகள்கள வச்சு போட்டதுன்னு கேளுங்க. உங்க வீட்டுக்கு பால் அளக்க ஆள் வந்தா காலை சாயங்காலம் ரெண்டு வேளையும் அளக்க விடுங்க, கன்னு குடிச்சதயும் சொல்லுங்க, கம்மியா கறக்குற கிடேரிய மறைக்காதீங்க, அன்னைக்குன்னு பாத்து கூடுதலா புண்ணாக்கு வைக்காதீங்க.