டிஸ்க் விலகுமா? 'வட்டுப் பிதுக்கம்' – சொல் விளக்கம்

குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரத் தொடங்கிவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "அவருக்கு டிஸ்க் வெலகிடுச்சாம்." 40 கிலோ சிப்பத்தைக் குனிந்து அள்ளி, அதே வேகத்தில் இடுப்பைத் திருப்பித் தோளில் ஏற்றும்போது முதுகில் 'கடக்' என்கிறது. மறுநாள் பிட்டத்தில் தொடங்கி, காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பெருவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. சிலர் 'ஜவ்வு விலகிடுச்சு' என்பார்கள். நம்மூரில் மூட்டுவலி, முதுகுவலி எல்லாவற்றுக்கும் ஜவ்வுதான் பொறுப்பு!

உண்மையில் எதுவும் விலகுவதில்லை. 'ஸ்லிப்டு டிஸ்க்' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கின் நிழல்தான் இந்த 'விலகல்'. விலகியதென்று நம்புகிறவர், அதைத் தள்ளி உட்காரவைக்க ஆள் தேடுவார். எண்ணெய் தடவி முதுகில் ஏறி மிதிக்கவும் சம்மதிப்பார். தவறான சொல் ஆளைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

'டிஸ்க்' என்பதன் மூலம் கிரேக்க 'திஸ்கோஸ்'. எறிதட்டு என்று பொருள். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் நாம் 'வட்டு எறிதல்' என்கிறோமே, அதே வட்டுதான். தமிழிலும் இது பழைய சொல். 'அரங்கின்றி வட்டாடியற்றே' என்கிறது குறள் 401. அங்கே வட்டு என்பது ஆட்டக்காய். சிலர் 'இடைத்தட்டு' என்றும் எழுதுகிறார்கள். தட்டு என்றால் கெட்டியான பொருள் நினைவுக்கு வருவதால் எனக்கு வட்டுதான் பிடிக்கிறது.

'ஹெர்னியா' லத்தீன் சொல்; உள்ளிருப்பது பிதுங்கி வெளியே வருவது. வயிற்றில் வந்தால் குடலிறக்கம் என்கிறோம். அகராதியை அப்படியே நம்பி முதுகுக்கும் 'இறக்கம்' போட்டால் சிரிப்புதான் வரும். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுக்கு வெளியே நார் வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்தால், கொழுக்கட்டை வெடித்துப் பூரணம் எட்டிப்பார்ப்பதுபோல் கூழ் வெளியேறி நரம்பை அழுத்துகிறது. ஆகவே 'வட்டுப் பிதுக்கம்'. அதுவரை குருத்தெலும்புக் கட்டி என்று கருதப்பட்ட பல, இப்படிப் பிதுங்கிய வட்டுகளே என்று பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் எழுதிய பிறகே கால்வலிக்கும் இதற்கும் உள்ள உறவு உறுதியானது.

பிதுக்கம் என்று புரிந்துகொண்டால் சிகிச்சையும் புரியும். வெளியே வந்த கூழை உடம்பின் துப்புரவுச் செல்களே மெல்லத் தின்று கரைக்கின்றன. பெரிய பிதுக்கம்கூடச் சுருங்கும். அதனால் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிந்துவிடும். ஒன்றிரண்டு நாள் படுக்கலாம். மாதக்கணக்கில் கட்டாந்தரையில் கிடந்தால் தசைதான் வீணாகும். முடிந்தவரை நடப்பது, பிசியோதெரபி, மருத்துவர் தரும் வலிமாத்திரை ஆகியவையே முதல் கட்டம். அல்சரோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கால்வலி அடங்காதவர்களுக்கு நரம்பைச் சுற்றி ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. அது தரும் நிம்மதி சில வாரங்களுக்கு, சிலருக்குச் சில மாதங்களுக்கு. எம்ஆர்ஐ அறிக்கையில் 'எல்4–எல்5 பல்ஜ்' (இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு நடுவே வட்டு புடைத்திருக்கிறது) என்று பார்த்ததும் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அப்படித் தெரியும்.

காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போவது: இவற்றில் எது வந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நசுங்குவது தண்டுவடத்தின் கீழே தொங்கும் 'காடா ஈக்வைனா'. லத்தீனில் குதிரைவால், தமிழிலும் குதிரைவால் நரம்புக்கற்றைதான். பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் தாமதிக்கக் கூடாது.

அறுவைக்குப் பெயர் 'டிஸ்கெக்டமி'. 'எக்டமி' என்றால் வெட்டி எடுத்தல். இதை 'வட்டு நீக்கம்' என்று எழுதிவிடுகிறார்கள். படிக்கிறவர் முழு வட்டும் போய்விடும் என்று பயந்துவிடுகிறார். வழக்கமாக எடுப்பது நரம்பை அழுத்தும் துண்டை மட்டும்தான். 'பிதுக்க நீக்கம்' என்பதே பொருந்தும். அதிலும் கால்வலி குறையும் அளவுக்கு இடுப்புவலி குறைவதில்லை என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.