ராஜா காலத்து வாய்க்காலும் இன்றைய மனுவும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குழித்துறை நீதிமன்றத்தில் நில வழக்குகள் நடத்தும் எனக்கு, இப்பகுதி திருவிதாங்கூர் அரசர்களின் கீழ் இருந்த காலத்தில் மலையாளத்தில் எழுதப்பட்ட ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, படித்துப் பொருள் சொல்வது அன்றாட வேலை. அவற்றைக் கொண்டுவரும் முதியவர்கள் பலர் ராஜா காலத்தை ஏக்கத்தோடு பேசுவார்கள். கடைமடையில் வயல் வைத்திருக்கும் ஒரு கட்சிக்காரர் அண்மையில் சொன்னார்: "ராஜா காலத்துல கடைசி வயல் வர தண்ணி வந்துது சாரே. இப்ப ஓட்டுப் போட்டு என்ன கண்டோம்?"

அவருடைய வருத்தம் நியாயமானது. திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாளின் ஆட்சியில் 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணைதான் இன்றும் இந்த மாவட்டத்துக்குச் சோறு போடுகிறது. அரசு நிலத்தை உழுதவர்களுக்கு அதை உடைமையாக்கிய 1865ஆம் ஆண்டின் பண்டாரப்பாட்ட விளம்பரம் என்ற அரச அறிவிப்பு, நான் கையாளும் பல ஆதாரங்களுக்கு மூலவேர். வறிய நாட்டுக்கு ஒரே கையெழுத்தில் முடிவெடுக்கும் அரசரே ஏற்றவர் என்று இளைஞர்களும் வாதிடுவதற்கு இப்படிப்பட்ட நினைவுகளே அடிப்படை.

ஆனால் இதே கல்குளம், விளவங்கோடு மண்ணில்தான் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1820களிலிருந்து அடிபட்டார்கள். 1859இல் வந்த அரச அறிவிப்பும், சென்னை ஆளுநரின் நெருக்குதலுக்குப் பிறகு, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. பின்னர் 1896இல் மருத்துவர் பல்பு முன்னின்று 13,176 பேர் கையெழுத்திட்ட மனுவை, ஒடுக்கப்பட்ட சாதியினரான ஈழவர்கள் அரசரிடம் அளித்து, பள்ளியிலும் அரசுப் பணியிலும் இடம் கேட்டார்கள். நிறைவான பதில் கிடைக்கவில்லை. அத்தனை கையெழுத்துகளும் வாக்குகளாக இருந்திருந்தால் அந்த மனுவை அப்படி ஒதுக்கியிருக்க எவருக்கும் துணிவு வந்திராது. அரசர் கொடுத்தது அருள். அருள் மறுக்கப்பட்டால் வழக்குத் தொடுக்க முடியாது என்பதை வழக்கறிஞனாக நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வறிய நாடுகளில் அருளுக்கும் உரிமைக்கும் உள்ள இந்த வேறுபாடு உயிர்களையே பறித்திருக்கிறது. எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் 1973இல் மக்கள் பட்டினியால் மடிந்தபோது, பேரரசர் ஹைலே செலாசியின் அரசு அதை மறைக்கவே முயன்றது. கேள்வி கேட்கும் எதிர்க்கட்சியும் சுதந்திரமான செய்தித்தாளும் அங்கே இல்லை. மறு ஆண்டு அவரை வீழ்த்திய ராணுவ ஆட்சியிலும் அவை இல்லாததால், 1984இல் அதைவிடக் கொடிய பஞ்சம் வந்தது. சுதந்திரமான பத்திரிகைகளும் தேர்தலும் இயங்கும் நாட்டில் பெரும் பஞ்சம் நேர்ந்ததில்லை என்று பொருளியலறிஞர் அமர்த்திய சென் வாதிட்டதன் காரணம் இதுதான்: பசி என்ற செய்தி ஆட்சியாளரின் பதவியை எட்ட வேண்டும்.

மக்களாட்சி வந்தவுடன் எல்லாம் சீராகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2008இல் முடியாட்சியை நீக்கிய நேபாளத்தில் அதன் பிறகு எந்தப் பிரதமரும் தொடர்ந்து ஐந்தாண்டு ஆண்டதில்லை. பூடானில் மன்னரே முன்வந்து அதிகாரத்தைப் பகிர்ந்தார். 2008ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 65 வயதில் மன்னர் பதவி விலக வேண்டும் என்கிறது. முடி இருந்தாலும் அதற்கு மேல் ஒரு சட்டம் அங்கே இருக்கிறது.

வாய்க்கால் தண்ணீர் வரவில்லை என்று வருந்திய அந்தக் கட்சிக்காரருக்கு, வாய்க்காலைத் தூர்வாரும் பணிக்கு ஒதுக்கிய தொகை, செலவு, பணி முடிந்த நாள் ஆகியவற்றைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். "ராஜாவுக்கும் இப்படித்தானே எழுதியிருப்பாவ?" என்று கேட்டார். அன்றைய மனுவுக்குப் பதில் சொல்லக் கெடு இல்லை, இதற்கு 30 நாள் கெடு உண்டு, பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று விளக்கினேன். பதிவுத் தபால் ரசீதை அந்தப் பழைய ஆதாரத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். மேல்முறையீட்டுக்கு அது தேவைப்படும்.