ஆர்கைவ் பண்ண மெயில் எங்க போச்சு?

"சார், பழைய மெயில் ஒண்ணுமே காணோம்"னு ஒருத்தர் ஃபோன் பண்ணாரு, அக்கவுண்ட்ஸ்ல இருக்கறவரு, ஆடிட் நேரம் வேற. பழைய கம்ப்யூட்டர ஃபார்மேட் அடிச்சு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க, புதுசுல அவுட்லுக்ங்கற மெயில் புரோகிராம் போட்டு அக்கவுண்ட சேத்தா எல்லாம் தானா இறங்கிடும்னு நெனப்பு. இறங்குச்சு, ஆனா இன்பாக்ஸ்ல கடைசி ஆறு மாசம் மட்டும். அனுப்புன மெயில் அதவிட மோசம், ரெண்டு மாசம்தான்.

கேட்டா, "அப்பப்போ ஒரு பெட்டி வந்து ஆர்கைவ் பண்ணவான்னு கேக்கும் சார், யெஸ் குடுத்துருவேன்"ங்கறாரு. சரியாப் போச்சு!

அந்தப் பெட்டி ஆட்டோ ஆர்கைவோடது. கிளாசிக் அவுட்லுக்ல, அதாவது விண்டோஸ்ல இன்ஸ்டால் பண்ற பழைய அவுட்லுக்ல, அது ஆன்ல இருந்தா, நாம மாத்தாத வரைக்கும் 14 நாளைக்கு ஒரு தடவ ஓடும். இன்பாக்ஸ்ல 6 மாசத்துக்கு மேல, சென்ட் ஐட்டம்ஸ்ல 2 மாசத்துக்கு மேல ஆன மெயில எடுத்துடும்ங்கறது கணக்கு. அது காப்பி எடுக்காதுங்க, சர்வர்ல இருக்கற மெயில்பாக்ஸ்ல இருந்து அப்படியே தூக்கி அந்த கம்ப்யூட்டர்ல டாகுமெண்ட்ஸுக்குள்ள அவுட்லுக் ஃபைல்ஸ்ங்கற ஃபோல்டர்ல ஒரு பிஎஸ்டி ஃபைலா (அவுட்லுக் மெயிலையெல்லாம் சேத்து வெக்கற ஃபைல்) வெச்சிடும். அதுக்கப்புறம் அந்த மெயில் உலகத்துலயே அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்ல மட்டும்தான். இவர் கேஸ்ல அதத்தான் ஃபார்மேட் பண்ணாங்க. ரெக்கவரி போட்டுப் பாத்தோம், ஃபைல் கிடைச்சுது, கெட்டுப்போன பிஎஸ்டிய சரிபண்ற ஸ்கேன்பிஎஸ்டி ஓட்டியும் தொறக்கல.

இன்னொரு குழப்பம், மேல இருக்கற ஆர்கைவ் பட்டன். அத அழுத்தினா மெயில் அதே மெயில்பாக்ஸுக்குள்ள ஆர்கைவ்ங்கற ஃபோல்டருக்குப் போகும், அவ்ளோதான். பத்திரமா இருக்கும், ஆனா மெயில்பாக்ஸ் ஃபுல்னு வர்ற தொல்லை ஒரு துளி குறையாது. பேரு ஒண்ணு, வேலை ரெண்டு, இதுல யார குத்தம் சொல்றது.

தண்டர்பேர்ட்ங்கற இன்னொரு மெயில் புரோகிராம்லயும் ஏ கீய தட்டினா ஆர்கைவ், வருஷவாரியா பிரிச்சு வெக்கும். ஐமேப் அக்கவுண்ட்னா (மெயில் சர்வர்ல இருக்க, நாம அங்க பாக்கற வகை) அது சர்வர்லயேதான் இருக்கும், ஆர்கைவ் போற இடத்த லோக்கல் ஃபோல்டர்ஸ்னு மாத்திக் குடுத்தாத்தான் உங்க மெஷினுக்கு வரும். நகத்துன பிறகு காம்பாக்ட் (ஃபோல்டர் ஃபைல சுருக்கறது) குடுக்கலைன்னா டிஸ்க்ல இடம் குறையாது.

பிஎஸ்டிய நான் வருஷத்துக்கு ஒண்ணா வெக்கச் சொல்வேன். அவுட்லுக் 2003க்கு முந்தின ஃபார்மேட் 2 ஜிபிய தொட்டா கெட்டுப்போகும், 2010ல இருந்து 50 ஜிபி வரைக்கும் தாங்கும், ஆனா அவ்ளோ பெரிய ஃபைல் ஒண்ணு மண்டையப் போட்டா எல்லாமே போச்சு. நெட்வொர்க் டிரைவ்ல வெச்சு அங்கயே தொறக்காதீங்க, மைக்ரோசாஃப்டே அத சப்போர்ட் பண்றதில்ல.

காப்பி எடுக்கறப்ப அவுட்லுக்க மூடிட்டு வெளி டிஸ்க்ல போடுங்க, போட்டுட்டு வேற மெஷின்ல தொறந்து, பழைய மெயில் ஒண்ண எடுத்து அதோட அட்டாச்மெண்ட் ஓப்பன் ஆகுதான்னு பாருங்க. அது ஓப்பன் ஆனப்புறம் பழைய கம்ப்யூட்டர யாருக்கு வேணா குடுங்க.