மங்கிய மீற்றரை உடனே கழற்றி எறியாதீர்கள்

"மீற்றர் செத்துப்போச்சு அண்ணை, புதுசுதான் போடவேணும்." மீற்றரில் இலக்கம் மங்கிய மோட்டார் சைக்கிளோடு வருகிற தம்பிமார் இப்படித்தான் முடிவெடுத்துக்கொண்டு வருகிறார்கள். மீற்றர் செத்திருப்பது குறைவு. வன்னியில் வண்டி நிற்கும் இடங்களைப் பாருங்கள்: வயற்கரை, சந்தை வாசல், ஏ-9 ஓரக் கடைகளின் முன்பக்கம். மாரி ஓய்ந்ததிலிருந்து அடுத்த மாரி வரை வெயில் நேராக அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் இறங்குகிறது. சி.ரி. 100 போல முள் மீற்றர் வைத்திருக்கிற ஐயாமாருக்கு இந்தக் கவலையே இல்லை. அவதிப்படுவது டிஜிட்டல் மீற்றர் உள்ள பல்சர், எப்.இசட் வைத்திருப்பவர்கள்தான்.

டிஜிட்டல் டிஸ்பிளேயில் இரண்டு மெல்லிய கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் போலரைசர் என்ற பிலிம் ஒட்டியிருக்கும். மட்டைவேலி ஒன்றுக்குள்ளால் வெளிச்சம் வரும். அதன்மேல் இன்னொன்றைக் குறுக்கே சாத்தினால் வராது. இலக்கம் கறுப்பாகத் தெரிவதும் அந்த மாதிரித்தான், இரண்டு பிலிமும் சேர்ந்து ஒளியை மறிப்பதால். பிலிமுக்குள் இருப்பது அயடின் ஏற்றிய மெல்லிய பிளாஸ்ரிக். சூடும் ஈரமும் புறஊதாக் கதிரும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். மஞ்சளாகும், குமிழ் விடும், பிறகு ஒளியை மறிக்காது. உள்ளே படிகமும் மின்சுற்றுப் போர்டும் நன்றாகத்தான் இருக்கும்.

இதைக் கழற்றாமலே சோதிக்கலாம். போலரைஸ்ட் கூலிங் கிளாஸ் ஒன்றை மீற்றருக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் இலக்கம் பளிச்சென்று தெரிந்தால் போனது முன் பிலிம் மட்டும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியில் இது வேலை செய்யாது.

எல்லா மங்கலும் பிலிமால் வருவதில்லை. 8 வரவேண்டிய இடத்தில் 6 வருகிறது, ஒரு கோடு மட்டும் காணாமல் போய் மீற்றரைத் தட்டினால் திரும்ப வருகிறது என்றால், கண்ணாடியையும் போர்டையும் இணைக்கிற சீப்ரா ரப்பர் பட்டியில் தொடுகை விட்டிருக்கலாம். கிரவல் வீதியில் நாள் முழுக்க அதிர்ந்தால் விடத்தானே செய்யும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சரியாக இருத்தினாலே பல மீற்றர்கள் உயிர்க்கும். இரவில் மட்டும் தெரியவில்லை என்றால் பின் வெளிச்ச எல்.ஈ.டி.யைப் பாருங்கள். நல்ல மத்தியான வெயிலில் டிஸ்பிளே முழுக்கக் கறுத்து, நிழலில் விட்டதும் தெளிந்தால் அது சூட்டில் படிகம் தன் ஒழுங்கை இழந்ததால் வருவது, ஆறினால் திரும்பும். அதைக் காட்டி மீற்றர் மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

பிலிம் மாற்றும் வேலை பொறுமையைக் கேட்கும். பற்றறி இணைப்பைக் கழற்றித்தான் தொடங்கவேண்டும். பல்சர் போல என்ஜின் சுற்றைக் காட்டும் ஆர்.பி.எம். முள் உள்ளதென்றால் முள் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் பிடுங்கக்கூடாது. பழைய பிலிமை மூலையிலிருந்து பிளேட்டைப் படுக்கவைத்துக் கிளப்பவேண்டும். நிமிர்த்திக் குத்தினால் கண்ணாடி ஓரம் உடையும், அதோடு கதை முடிந்தது. மிஞ்சுகிற பசையை ஆல்கஹாலில் ஊறவிட்டு எடுக்கலாம். புது பிலிமில் 0 பாகை, 45 பாகை என்று இரண்டு வகை விற்கிறார்கள். ஒட்டுவதற்கு முன், பற்றறியை இணைத்து டிஸ்பிளேயை எரியவைத்து, பிலிமைக் கண்ணாடிமேல் வைத்துச் சுழற்றிப் பார்த்து, இலக்கம் நன்றாகக் கறுக்கிற கோணத்தில் வெட்டவேண்டும். 90 பாகை மாறிவிட்டால் பின்னணி கறுத்து இலக்கம் வெளுக்கும். சில பொடியன்கள் ஸ்ரைலுக்காக அப்படியே கேட்டு வாங்குகிறார்கள். பகல் வெயிலில் அதை வாசிக்கக் கஷ்டம் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

வெளி மூடி மட்டும் புழுதியால் கீறி மங்கியிருந்தால் உள்ளே கை வைக்கவே தேவையில்லை, அதைப் பொலிஷ் பண்ணினால் போதும். பெற்றோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், பிளாஸ்ரிக் வெளுத்து வெடிக்கும். உலர்ந்த துணியால் புழுதியைத் தேய்ப்பதும் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அதற்காகச் சேர்விஸ் இடத்தில் பிரஷர் தண்ணீரை மீற்றரை நோக்கி அடிக்க விடவேண்டாம். ஓரச் சீல் விட்டால் உள்ளே ஆவி பிடிக்கும், பிறகு பிலிமும் போர்டும் சேர்ந்தே கெடும். வெயிலில் நிறுத்தினால் பழைய சாறத் துண்டொன்றைப் போட்டு மூடுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், அது இன்னும் சூடேற்றும்.

இன்னொரு விடயம், இது பணத்தோடு சம்பந்தப்பட்டது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில் மறுபடி திறக்கும்வரை பழைய வண்டிகளுக்குத்தான் மவுசு இருந்தது. பழைய வண்டி வாங்குகிறவர் முதலில் கிலோமீற்றரைத்தான் பார்க்கிறார். அந்த எண் மீற்றர் போர்டிலுள்ள மெமரி சிப்பில் இருக்கிறது. பிலிம் மாற்றினால் அது அசையாது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய மீற்றரை முழுதாகப் போட்டால் வேறொருவருடைய வண்டியின் கிலோமீற்றர் உங்கள் வண்டியில் வந்து நிற்கும். "வேணுமெண்டால் கிலோமீற்றரைக் குறைச்சும் தரலாம்" என்று சொல்கிற இடத்தில் வண்டியை விடவே வேண்டாம். நாளைக்கு விற்கும்போது ஏமாற்றியவர் நீங்கள் என்றுதான் பேச்சு வரும். வண்டியைக் கொடுக்கும் முன் மீற்றரை எண் தெரிகிற மாதிரிப் போனில் படம் எடுங்கள். மங்கி வாசிக்க முடியாவிட்டால் கூலிங் கிளாஸைப் பிடித்துக்கொண்டு எடுங்கள். எடுக்க வரும்போது கடைக்காரர் முன்னாலேயே திறப்பைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் வேறாக இருந்தால் பிலிமுக்குப் பதிலாக மீற்றரையே மாற்றியிருக்கலாம், பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.