கை நடுங்காத தாழ்சர்க்கரை

இன்சுலின் போட்டுக்கொள்ளும் தம் தந்தைக்குச் சர்க்கரை குறைந்தால் முன்பெல்லாம் கை நடுங்கும் என்றும், இப்போது கருவி 50 காட்டும்போதும் அவர் எதையும் உணர்வதில்லை என்றும் எழுதியுள்ள வாசகர் ஒருவர், உடல் அதற்குப் பழகிவிட்டதா எனக் கேட்கிறார். பழகித்தான் விட்டது, அது அஞ்ச வேண்டிய பழக்கம்.

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை; 54க்குக் கீழே உடனடி ஆபத்து. குளுக்கோஸைப் பெரிதாகச் சேமித்து வைக்க மூளைக்கு இயலாது என்பதால், சர்க்கரை இறங்கியதும், ஆபத்து வேளையில் உடலை முடுக்கும் பரிவு நரம்புகள் தூண்டப்பட்டு அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அது கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியேற்றும்போதே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, பதற்றம் கூடுகிறது. அதாவது, நாம் அறிகுறி என்று உணர்வது குறைவை ஈடுகட்ட உடல் எடுக்கும் முயற்சியைத்தான்.

இவற்றுள் என்னை மிகவும் வியக்கவைப்பது வியர்வை. பரிவு நரம்புகள் பெரும்பாலான உறுப்புகளுக்கு நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. வியர்வைச் சுரப்பிகளுக்கோ அசிட்டைல்கோலின் என்ற வேறொரு வேதிப்பொருள் வழியாக அனுப்புகின்றன. ஆகவே, இதய நோய்க்காகவோ ரத்த அழுத்தத்துக்காகவோ, அட்ரினலின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயலைத் தடுக்கும் பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோனாலும், வியர்வை மறைவதில்லை. காரணமின்றி உடல் சில்லிட்டு வியர்ப்பதையும், தூக்கத்தில் உடை நனைவதையும் அவர்கள் ஒருபோதும் புறக்கணிக்கக் கூடாது.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். ஒருமுறை சர்க்கரை தாழ்ந்தாலே, அடுத்த முறை தாழும்போது சுரக்கும் அட்ரினலின் குறைந்துவிடுகிறது. அடிக்கடி தாழ்ந்தால், எச்சரிக்கை எழும் அளவு மேலும் மேலும் கீழே நகர்ந்து, இறுதியில் மூளையின் பட்டினி முந்திக்கொள்கிறது. பேச்சுக் குழறல், மங்கிய பார்வை, பொருந்தாத கோபம், குழப்பம், பிறகு வலிப்பு, நினைவிழப்பு. தமக்கு ஏதோ ஆகிறது என்று உணர வேண்டிய உறுப்பே தடுமாறுவதால், உடனிருப்பவர்கள்தாம் கண்டறிய வேண்டும். இதைக் குடிபோதை என்றோ பேய்க்கோளாறு என்றோ எண்ணி நேரத்தை இழப்பது என்னை மிகவும் வருத்துகிறது; ஒரு சொட்டு ரத்தம் சில நொடிகளில் உண்மையைச் சொல்லிவிடும்.

விழுங்க முடிந்தவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். இதற்குச் சாக்லேட் ஏற்றதல்ல; அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், அவசர உதவியை அழைக்க வேண்டும். சர்க்கரையை உயர்த்தும் ஹார்மோனான குளுக்ககான் ஊசி இருந்தால் செலுத்தலாம்.

சில வாரங்கள் சர்க்கரை தாழாமல் காத்துக்கொண்டால், இழந்த எச்சரிக்கை உணர்வு பலருக்குத் திரும்புகிறது. அதற்கு இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், தந்தையின் அளவுக் குறிப்புகளுடன் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.