"நான்தானே டாக்டர் குடிச்சேன்?"

ஸ்கேன் படத்தை நான் கீழே வைப்பதற்குள் பெரும்பாலும் நோயாளிகளே முந்திக்கொள்வார்கள். "யாரைச் சொல்லி என்ன டாக்டர், நான்தானே சிகரெட் குடிச்சேன்?" நெஞ்சக நோய் மருத்துவராக இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பல வருடங்கள் சும்மா தலையாட்டிவிட்டு மருந்து எழுத ஆரம்பித்துவிடுவேன். சிகரெட் கம்பெனிகள் மீதான வழக்குகளைப் படிக்கத் தொடங்கியபோதுதான் உறைத்தது. என் நோயாளி குற்ற உணர்ச்சியோடு சொல்லும் அதே வரியைத்தான் கம்பெனி வக்கீல்கள் கோர்ட்டில் வாதமாக வைத்து ஜெயித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் முதல் வழக்கு 1954இல் வந்தது. அடுத்த நாற்பது வருடம் கம்பெனிகள் நஷ்டஈடாகச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. சிகரெட்டால் புற்றுநோய் வரும் என்று நிரூபணம் ஆகவில்லை என்பார்கள். அதே மூச்சில், ஆபத்து என்று ஊருக்கே தெரியும், தெரிந்துதானே பிடித்தார் என்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கிறதே என்று கேட்கத் தோன்றும். ஆனால் எடுபட்டது.

ரோஸ் சிப்பலோன் 16 வயதில் சிகரெட்டைத் தொட்டவர். நுரையீரல் புற்றுநோயோடு 1983இல் வழக்குப் போட்டார், மறு வருடம் இறந்துபோனார். 1988இல் ஜூரி சொன்ன தீர்ப்பில் 80 சதவீதப் பொறுப்பு அவருடையது, கம்பெனிக்கு 20 சதவீதம். அதனால் அவர் பங்குக்கு ஒன்றும் இல்லை. கணவருக்கு மட்டும் 4 லட்சம் டாலர் என்றார்கள். மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் மறு விசாரணைக்குத் திரும்பியபோது, குடும்பம் இனி முடியாது என்று விட்டுவிட்டது. எதிராளி களைத்துப்போகும்வரை இழுப்பதுதான் கம்பெனிகளின் உத்தியே.

1994இல் மிசிசிப்பி மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) மைக் மூர் வேறு வழி பிடித்தார். புகைபிடித்தவருக்காக அவர் வழக்குப் போடவில்லை. ஏழை நோயாளிகளின் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிய மாநிலத்துக்காகப் போட்டார். அரசாங்கம் சிகரெட் பிடிக்காதே! 'தெரிந்துதானே பிடித்தாய்' என்ற வாதம் அங்கே செல்லாது. ஒவ்வொரு மாநிலமாகச் சேர்ந்துகொள்ள, 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு சமரசம் ஆனது. 25 வருடத்தில் ஏறக்குறைய 20,600 கோடி டாலர் என்று கணக்கு. சாலையோர விளம்பரப் பலகைகள் போயின, விளம்பரத்தில் கார்ட்டூன் பாத்திரங்கள் கூடாது என்றானது.

இந்தப் பணத்தைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. பெரும்பகுதி புகையிலைத் தடுப்புக்குப் போகாமல் மாநிலங்களின் மற்ற செலவுகளில் கரைந்தது. கம்பெனிகளும் விலையை ஏற்றிப் புகைபிடிப்பவர்களிடமே வசூலித்துக்கொண்டன. (விலை ஏறினால் விற்பனை குறையும், அந்த அளவில் மக்களுக்கு லாபம்தான்.)

உண்மையான வரவு காகிதங்கள். தனியாகச் சமரசம் செய்துகொண்ட மினசோட்டா மாநிலம், உள் ஆவணங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியது. சுமார் 3.5 கோடி பக்கங்கள். வக்கீலுக்கு எழுதிய ரகசியக் கடிதம் என்று முத்திரை குத்தி ஒளித்தவற்றில் ஆயிரக்கணக்கானவையும் கோர்ட் உத்தரவால் வெளியே வந்தன. ஏற்கெனவே கசிந்திருந்த ஒரு குறிப்பில், 1963இலேயே ஒரு கம்பெனியின் சட்ட ஆலோசகர், நிகோடின் அடிமையாக்கும் பொருள், நாம் விற்பது அதைத்தான் என்று எழுதியிருந்தார். 31 வருடம் கழித்து, 1994 ஏப்ரலில், ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்து, நிகோடின் அடிமையாக்காது என்று தாங்கள் நம்புவதாகச் சொன்னார்கள்.

என் அறைக்கு நேரடியாக உதவியது 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் எழுதிய தீர்ப்பு. ஆயிரத்து அறுநூறு பக்கத்துக்கு மேல். கம்பெனிகள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று சொன்ன அந்தத் தீர்ப்பில் 'லைட்' சிகரெட்டும் வருகிறது. "லைட்டுக்கு மாறிட்டேன் டாக்டர்" என்று பெருமையாகச் சொல்பவர்களிடம் ஒரு சிகரெட்டை வாங்கி ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டுவேன். சுற்றியிருக்கும் தாளில் ஊசிமுனை அளவுத் துளைகள் வரிசையாகத் தெரியும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளைகள் வழியாகக் காற்று கலந்து தார் (புகையிலுள்ள நச்சுப் பிசின்) அளவு குறைவாகக் காட்டும். மனிதர் பிடிக்கும்போது விரலும் உதடும் துளைகளை மூடிவிடும், நிகோடின் போதாமல் இன்னும் ஆழமாக வேறு இழுப்பார். இதை கம்பெனிகள் அறிந்தே விற்றன என்பதுதான் தீர்ப்பு. ஒருவர் அந்த சிகரெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. சிலர் வாங்கிக்கொண்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொய்யைத் திருத்தி விளம்பரம் கொடுங்கள் என்றும் அந்த நீதிபதி உத்தரவிட்டிருந்தார். வாசகங்கள் மீது மேல்முறையீடுக்கு மேல் மேல்முறையீடாகப் போய், விளம்பரம் வந்தது 2017 கடைசியில். கனடாவின் கியூபெக்கில் 1998இல் தொடங்கிய வழக்கில் 2015இல் நோயாளிகள் ஜெயித்தார்கள். 2019இல் மேல்முறையீடும் தோற்றதும் கம்பெனிகள் கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போய்விட்டன. 3,250 கோடி கனடிய டாலர் தீர்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2025 மார்ச்சில். நுரையீரல் புற்றுநோயாளிக்கு 27 வருடம் என்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

ஆகவே, வழக்குப் போடுங்கள், காசு வரும் என்று யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் என் கேள்வி வரிசை மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை என்றுதான் தொடங்குவேன். இப்போது முதல் சிகரெட் எந்த வயதில் என்று கேட்கிறேன். போன வாரம் ஒருவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "பதினாலு" என்றார். பக்கத்தில் மனைவி, "அப்ப இவர் சின்னப் பையன்" என்றார், என்னிடம் அல்ல, அவரைப் பார்த்து. நான் 14 என்று எழுதிக்கொண்டேன்.