“கோழிக்கெல்லாம் வைத்தியம் பாப்பீங்களாங்க?”

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்க்க ஆரம்பித்து 18 வருடம் ஆகிறது. காலையில் மாடு, எருமை, வெள்ளாடு, நாய் என்று வரிசையாக நிற்கும். யாராவது ஓரமாக உட்கார்ந்து, காலுக்கு நடுவில் ஒரு ஒயர்கூடையை வைத்து, அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, தன் முறை வந்த பிறகும் எழுந்திருக்கக் கூச்சப்பட்டால் எனக்குத் தெரிந்துவிடும். உள்ளே கோழி இருக்கிறது.

போன ஐப்பசியில் ஒரு ஆத்தா அப்படித்தான் வந்திருந்தார். “கோழிக்கெல்லாம் வைத்தியம் பாப்பீங்களாங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் துண்டை விலக்கினார். நாலு வயதுச் சிறுவிடை நாட்டுக்கோழி, பேர் புள்ளி. மகன்கள் திருப்பூரில் இருக்கிறார்கள். தோட்டத்துச் சாளையில் ஆத்தாவும் புள்ளியும்தான். ஒறம்பரை வந்தால்கூட அதன்மேல் யாரும் கை வைக்க முடியாதாம். மூன்று நாளாக இரை எடுக்கவில்லை என்று, பேரன் பேத்திகளுக்குப் பால் புகட்டிய அதே சங்கில் விளக்கெண்ணெய் ஊற்றி, தலையை அண்ணாத்திப் பிடித்துப் புகட்டியிருக்கிறார். நான் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோது கொறகொறவென்று சத்தம் கேட்டது. எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருந்தது. மறுநாள் விடிவதற்குள் புள்ளி இறந்துவிட்டது.

அதற்கு வந்திருந்த நோய் என்னவோ பெரிதில்லை. தேங்காய் நாரைக் கொத்தித் தின்று இரைப்பை அடைத்திருந்தது, அவ்வளவுதான். பொழைத்திருக்க வேண்டிய கோழி. அந்தச் சங்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோழியின் வாயைத் திறந்து பாருங்கள். நாக்குக்குச் சற்றுப் பின்னால், கீழ்ப்பக்கம், சின்னதாக ஒரு பிளவு திறந்து மூடிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சுக்குழல் வாய். தலையை அண்ணாத்தி எதை ஊற்றினாலும் முதலில் அங்கேதான் இறங்கும். மருந்தோ தண்ணீரோ கொடுத்தே ஆக வேண்டுமென்றால் தலையை இயல்பாக விட்டு, அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். அது தானாக விழுங்கட்டும். விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அதே மாதிரி நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. நமக்கு இருக்கும் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே போகும். பாசத்தில் கட்டியணைத்தே மூச்சு முட்ட வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, “ஒடம்பு கொதிக்குதுங்க டாக்டர்” என்று சொல்லிப் பாதிப் பேர் வருகிறார்கள். கோழியின் இயல்பான சூடே 106, 107 டிகிரி பாரன்ஹீட் இருக்கும். நம் கைக்கு அது எப்போதுமே காய்ச்சலாகத்தான் தெரியும். இதை நம்பி வீட்டில் மிச்சமிருக்கும் காய்ச்சல் மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள்.

நோயுற்ற கோழிக்கு வீட்டில் முதலில் கொடுக்க வேண்டியது கதகதப்பு. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு குன்றி நிற்கிற கோழி, குளிரைத் தாங்கவே தன் சக்தியெல்லாம் செலவு பண்ணுகிறது. ஒரு அட்டைப்பெட்டியில் பழைய சாக்கு விரித்து, ஒரு பக்கம் மட்டும் 60 வாட்ஸ் குண்டு பல்பு எரியவிடுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். எல்இடி பல்பில் சூடு வராது. குண்டு பல்பு கிடைக்காவிட்டால் வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாலும் போதும். குடிக்க ஓஆர்எஸ் கலந்த தண்ணீர். தின்பதானால் ஊறவைத்த கம்பு, வேகவைத்து மசித்த முட்டை. பெரும்பாலான கோழிகளை ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது இந்தப் பெட்டிதான்.

கோழி தன் நோயை மறைக்கும். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து வாழ்கிற உயிர், தான் பலவீனமாக இருப்பதைக் காட்டிக்கொள்ளாது. நம் கண்ணுக்குச் சோர்வு தெரியும்போது நோய் வந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். ஆகவே காலையில் கொடாப்பைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எது கடைசியில் வருகிறது? எது வந்தும் இரையைக் கொத்தாமல் நிற்கிறது? எச்சம் என்ன நிறத்தில் இருக்கிறது? கழுத்தின் அடியில் வலது பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், அங்கேதான் இரைப்பை. சாயங்காலம் அடையும்போது எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தது விடியும்போது வெறுமையாகியிருக்க வேண்டும். விடிந்தும் கல் மாதிரி இருந்தால் தானியத்தை நிறுத்திவிட்டு, மெதுவாக நீவிக்கொடுத்து, அன்றைக்கே கூட்டிவாருங்கள். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். அதுவும் மூச்சுக்குழலில்தான் போய் நிற்கும்.

சீக்கு என்று ஊரில் சொல்கிற வெள்ளைக் கழிச்சல் வேறு கதை. அதன் இன்னொரு பேர் ராணிகேத், இமயமலைப் பக்கத்து ஊர் ஒன்றின் பேர். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சுக்கு வாயைத் திறக்கும், கழுத்து திருகிக்கொள்ளும், கால் இழுத்துக்கொள்ளும். வைரஸ் என்பதால் வந்த பிறகு மருந்து இல்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுக்கிறார்கள். கொடுங்கள், நான் தடுப்பதில்லை. ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விடாதீர்கள். குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. வருடா வருடம் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக வந்து இலவசமாகவே போடுகிறது. கோடைக்கு முன்னால் போட்டுவிட்டால் பாதுகாப்பு. ஒரே ஒரு கோழிதானே என்று முகாமுக்குக் கொண்டுவராமல் விட்டவர்கள்தான் சித்திரையில் அழுதுகொண்டு வருகிறார்கள்.

மழைக்காலத்தில் கொசு பரப்புகிற அம்மையில் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் வரும். பொருக்கைப் பிய்க்காமல் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கண்ணை மட்டும் ஆறிய உப்புநீரில் துடைத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் உதிர்ந்துவிடும். குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் காத்திருக்காதீர்கள். ரத்தக் கழிச்சலுக்கு நல்ல மருந்து இருக்கிறது, ஒரு நாள் தாமதித்தால் உயிர் இருக்காது.

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் தன் வெடைக்கோழியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். காலையிலிருந்து முக்கிக்கொண்டு, வால் ஆட, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. முதல் முட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் போன ஓர் இடத்தில், “இதுக்குச் செலவு பண்றதுக்குக் கொழம்பு வெச்சரலாம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவன் அதைச் சொல்லும்போது உதடு துடித்தது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, வயிற்றுப்பக்கம் மட்டும் முங்குகிற மாதிரி 20 நிமிடம் உட்கார வைத்தோம். கால்சியம் கொடுத்து, துடைத்து, இருட்டான பெட்டிக்குள் விட்டோம். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் முட்டை கிடந்தது, ஓட்டில் லேசாக ரத்தக்கோடு. அவன் முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கோழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வயிற்றை அமுக்கியிருந்தால் முட்டை உள்ளே உடைந்து கோழி போயிருக்கும். கிளிஞ்சல் தூள் தனியாக ஒரு தட்டில் எப்போதும் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

நம் ஊரின் நிலைமை இதுதான். நாமக்கல்லில் தினம் கோடிக்கணக்கில் முட்டை, பல்லடத்தைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணைகள், நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி. கோழியைப் பற்றி இவ்வளவு தெரிந்த சீமை வேறு எங்கே இருக்கிறது? ஆனால் அந்த அறிவெல்லாம் ஆயிரம் கோழிகளுக்கானது. ஒன்று சோர்ந்தால் அதை விலக்கி மற்றதைக் காப்பாற்று என்பதுதான் பண்ணைக் கணக்கு. பண்ணைக்கு அது சரி. புள்ளிக்கு அது சரியாகாது. தீவனக் கடையில் தரும் பண்ணை மருந்துப் பொடியின் அளவும் தொட்டித் தண்ணீருக்குச் சொன்னதுதான். அதைக் கண் மதிப்பாக ஒரு கிண்ணத்தில் கலந்தால் அளவு பல மடங்கு ஏறிவிடும். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், உடுப்பும் செருப்பும் மாற்றாமல் வீட்டுக் கோழியைத் தொட வேண்டாம்.

தனியாக வைக்கச் சொன்னால் இருட்டு அறையில் கொண்டுபோய் அடைத்துவிடுகிறார்கள். தொற்றும் நோய் என்றால் வேறு வழியில்லை, தள்ளித்தான் வைக்க வேண்டும். கால் காயம், முட்டை அடைப்பு மாதிரி என்றால் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் மற்றவை என்று ஒன்றையொன்று பார்க்கும்படி வையுங்கள். கூட்டத்தில் வாழும் பிராணி, தனிமையில் இரையெடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். நாள் கழித்துத் திடீரென்று உள்ளே விட்டால் மற்ற கோழிகள் புதுசு என்று நினைத்துக் கொத்தும், அதற்கும் இந்த வலைதான் மருந்து. பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். குரல் அதற்குத் தெரியும். ஆனால் முத்தம் வேண்டாம், குழந்தைகள் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், கோழியிடமிருந்து சால்மோனெல்லா நமக்கு வரும். நாலைந்து கோழிகள் திடுமென ஒரே நாளில் செத்தால் வெறுங்கையால் தொடாமல் உடனே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், இல்லை கால்நடை அவசர உதவி எண் 1962-க்குக் கூப்பிடுங்கள். செத்ததை வாய்க்காலில் எறியாமல் ஆழமாகக் குழிவெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

இந்த பிப்ரவரி முகாமில், வேப்பமரத்தடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அதே ஒயர்கூடை வந்தது. இந்த முறை மேலே துண்டு இல்லை. உள்ளே இரண்டு வெடைகள். ஊசி போடுவதற்கு முன்னால் ஆத்தா ஒன்றின் கழுத்தடியில் விரலை வைத்துக் காட்டினார். “காத்தால வெறுமையா இருந்துச்சுங்க. பாத்துட்டுத்தான் தொறந்துட்டேன்.”